கரண்ட் வந்தபோது என் கைகள் வேலியில் இருந்தன

1

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "அந்தமான்ல புருசன் கையை மெசின்ல வெட்டுனது உங்க அக்காதானா?" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"இல்லன்னு சொன்னேன்க்கா." பிறகு, "இல்லதானே?" என்றாள்.

அந்தத் 'தானே'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இங்கே எல்லோருக்கும் அலுத்துப்போன கதை, கப்பலேறி அங்கே வந்து இப்போதுதான் புதிதாக உட்கார்ந்திருக்கிறது போலும். வந்ததுதான் வந்தது, முழுசாக வந்து சேரட்டும்.

என் பெயர் தனம். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். என் கணவர் சேதுராமன் சாயல்குடிப் பக்கம். தீவுக்குத் தீவு ஓடும் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட்டில் எங்கள் வீடு. போர்ட் பிளேருக்கு இப்போது காகிதத்தில் வேறு பெயர். டவுன் பஸ் கண்டக்டருக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கடல் ரொம்ப அழகாக இருக்குமாமே? இருக்கும். அந்த அழகான கடலிலிருந்து வரும் உப்புக் காற்று தையல் மெசின், கிரைண்டர், பூட்டு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. இந்தக் கதையே அந்தக் காற்றில்தான் ஆரம்பிக்கிறது.

2

அபர்டீன் பஜாரில் ஜமால் பாயின் ஹார்டுவேர் கடையில் நான் கவுன்டரில் இருக்கிறேன். பாய் கீழக்கரைக்காரர். பிளைவுட், பெயின்ட், கை மெசின்கள் விற்கிற கடை. ஒரு முறை சென்னைக் கம்பெனி ஒன்று டேபிள் சா அனுப்பி, அதை ஓட்டிக் காட்ட ஓர் ஆளையும் அனுப்பியது. இரும்பு மேசை, அதன் நடுவில் இருக்கும் இடுக்கில் வட்டப் பிளேடு எழும்பி நின்று சுற்றும். பலகையை நாம் தள்ளிக்கொண்டே போனால் நூல் பிடித்ததுபோல வெட்டிக் கொடுக்கும். அந்த ஆள் எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அதன் பிறகு வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டியது நான்தான். யாரும் வாங்கவில்லை. பொம்பளை ஓட்டுற மெசின் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மேசைத் தகட்டில் துரு ஏற ஆரம்பித்தபோது நானே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதில் வைத்தேன். ரப்பர் மரம், பிளைவுட் துண்டுகள் இவைதான் என் சரக்கு. இந்தத் தீவின் படாக் மரத்தைத் தொட வேண்டுமானால் வனத்துறைக் காகிதம் வேண்டும். அந்த வரிசையில் நிற்கும் பொறுமை எனக்கில்லை. வண்டூரில் டூரிஸ்டுகளைத் தங்க வைக்கிற வீடுகளுக்கு முக்காலி, செருப்பு ஸ்டாண்டு, காபித் தட்டு செய்து கொடுத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், அது யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்று புரிந்துகொண்டால். அதற்கு மரமும் விரலும் ஒன்றுதான். பிளேடின் மேல் ஒரு மூடி வரும், அது இருக்க வேண்டும். பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு செங்குத்தாக நிற்கும், அதுவும் இருக்க வேண்டும். வெட்டிய பிளவு மறுபடி ஒட்டிக்கொண்டு பிளேடைப் பிடித்தால், மெசின் பலகையைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். அந்தத் தகடு பிளவைத் திறந்தே வைத்திருக்கும். நிற்கும்போது பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளக்கூடாது, கட்டை வைத்துத் தள்ள வேண்டும். கையுறை போடாதீர்கள், பிளேடு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி எதுவும் ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடி. பிளேடைத் தொட வேண்டுமானால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

அடுத்தது சுவிட்ச். இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்தாலும் மெசின் ஓடாது, நாம் மறுபடி அமுக்கினால்தான் ஓடும். சிப்பிகாட்டில் கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். இங்கே அந்தச் சுவிட்ச் இல்லாத ரம்பம் பக்கத்தில் நிற்பதே தப்பு.

3

அவர் ஓய்வு பெறும்வரை எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. வருவதற்கு அவர் வீட்டில் இருந்ததில்லை. கார் நிக்கோபார் போவார், கச்சல் போவார், வருவார், தூங்குவார், போவார். ஓய்வு பெற்றபின் ஒரு மாதம் டிவி பார்த்தார். அடுத்த மாதம் கொட்டகைக்கு வந்தார்.

"இது எதுக்கு மேல தொப்பி மாதிரி? கோடே தெரிய மாட்டேங்குது" என்று மூடியைக் கழற்றினார்.

"அது இருந்தாத்தான் வேலை செய்யணும்" என்று மாட்டினேன்.

நான் கடைக்குப் போனதும் கழற்றினார். வந்து மாட்டினேன். பின்னால் நிற்கிற தகட்டையும் கழற்றி எங்கோ வைத்தார். தேடி எடுத்து மாட்டினேன். பேச்சு வளர்ந்தது.

"கப்பல் இன்ஜினையே கட்டி மேய்ச்சவன் நான். இந்தத் தையல் மெசினுக்கு நீ எனக்கு கிளாஸ் எடுக்குறியா?"

"கப்பல்ல மூடியைக் கழட்டி வச்சா சீஃப் இன்ஜினியர் உங்களை விட்டிருப்பாரா?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்வதே அவருக்கு வேலையாகப் போனது. தண்ணி மோட்டாரை அணைக்கச் சொன்னால் அணைக்க மாட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அவருடைய செருப்பு வாசலில் கிடந்தால் எடுத்து வெளியே எறிந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பகையாளிகள் குடியிருந்தோம்.

வேலிக்கு அந்தப்பக்கம் மூன்றாவது பகை. ஷிப்ரா தீதி, அதாவது ஷிப்ரா அக்கா, வங்காளிக் குடும்பம். ரம்பம் ஓடினால் அவருக்குத் தலைவலி, மரத்தூள் பறந்தால் துணி பாழ். இந்தியில் அவர் திட்டுவார், எனக்குத் தெரிந்த இந்தியில் நான் பதில் சொல்வேன். அவர் சரளமாகத் திட்டுவார், நான் தேடித் தேடித் திட்டுவேன். எப்போதும் நான்தான் தோற்பேன்.

4

மழைக்காலத்தில் அந்தச் சுவிட்ச் போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புக் காற்று. பாய் சென்னைக்கு ஆர்டர் போட்டார். கப்பலில் வந்து சேர நாளாகும். அதுவரை மெசினைத் தொடுவதில்லை என்று வீட்டில் சொன்னேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் மெசினில் வீட்டுக்கு லைட் போடுகிற சாதாரண சுவிட்ச் ஒன்றை வைத்து ஒயர் இழுத்திருந்தார்.

"இதுல கரண்ட் போயிட்டு வந்தா மெசின் தானா ஓடும்" என்றேன்.

"கரண்ட் போனா அணைக்கத் தெரியாதா எனக்கு? பச்சைப் புள்ளையா?"

நான் பிளேடைக் கழற்றி, துணியில் சுற்றி, கைப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பையிலிருந்து எட்டிப் பார்த்த பிளேடைப் பார்த்துவிட்டுப் பாய், "என்னம்மா, கடைக்குக் கொள்ளையடிக்க வந்தியா?" என்றார். சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "அவரை இங்க வரச் சொல்லு, நான் பேசுறேன்" என்றார். என் கணவர் பாய் கடைக்கு வரவில்லை. பஜாரில் இன்னொரு கடையில் புதுப் பிளேடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

5

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகையில் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, இன்றைக்கு ஒயரையே அறுத்துவிடுவது என்று கிளம்பினேன். பாதி வழியில் ஷிப்ரா தீதி வேலியிலிருந்து கூப்பிட்டார். "ஏ பாபி! இதர் ஆவோ!" அண்ணி, இங்கே வா என்று அர்த்தம்.

போனேன். துவைத்துப் போட்ட வெள்ளைச் சேலையைத் தூக்கிக் காட்டினார். அதன் மேல் மரத்தூள். ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதி இல்லையா, நீங்கள் மனுசர்களா, என்று ஆரம்பித்தார். ஓட்டுவது நான் இல்லை, அவர் என்றேன். "மெசின் யாருடையது?" என்றார். நான் வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு இந்தி தேடிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போயிற்று. அவர் வீட்டு டிவியும் எங்கள் ரம்பமும் ஒன்றாக நின்றன. "பகவான் கேட்டுவிட்டான்" என்று ஷிப்ரா தீதி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி திட்ட ஆரம்பித்தார். அப்போது டிவி பேசியது. ரம்பமும் ஓடியது. கூடவே என் கணவரின் அலறல்.

கொட்டகைக்குள் அவர் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனதும் பாதி வெட்டில் பலகை சிக்கியிருக்கிறது. சுவிட்சை அணைக்காமல், பிளக்கைப் பிடுங்காமல், அதை அசைத்து எடுக்கக் கையை விட்டிருக்கிறார். மூடி இல்லை. நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகுதான் அவரிடம் போனேன். இந்த வரிசைக்காகவும் என்னைப் பின்னால் பேசினார்கள். ஓடுகிற பிளேடுக்குப் பக்கத்தில் குனிந்து கட்டுப்போட முடியாது என்பது பேசியவர்களுக்குத் தெரியாது.

துண்டால் சுற்றி அழுத்திப் பிடித்தேன். ஷிப்ரா தீதி ரோட்டுக்கு ஓடி ஆட்டோவைக் கத்திக் கூப்பிட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கணுவோடு போய்விட்டன. ஒட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

6

மெசினில் அடிபட்டால் ஆஸ்பத்திரியில் போலீசுக்கும் சொல்வார்கள். கட்டுப்போடும் அறைக்கு வெளியே ஒரு போலீஸ்காரர் காகிதத்தோடு வந்தார். முதலில் உள்ளே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

மெசினை யார் போட்டது என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு இந்தி சந்தையில் பேச வரும், பஸ்ஸில் பேச வரும். கையெல்லாம் அவர் ரத்தத்தோடு நிற்கும்போது வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் போடவில்லை என்று சொல்ல நினைத்து, "மைனே பந்த் நஹி கியா" என்றேன். நான் அணைக்கவில்லை என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதி முடிந்த பிறகுதான் வாயில் வந்த சொல் எது என்று எனக்கு உறைத்தது. திருத்தப் பார்த்தேன். "அச்சா, அச்சா" என்று கையைக் காட்டிவிட்டு, நாளைக்கு வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

என் கணவர் போலீஸ்காரரிடம் என்ன சொன்னார் என்பது எங்கள் மகள் ரேவதி போனில் கூப்பிட்டபோது தெரிந்தது. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"மம்மி, நீங்கதான் சுவிட்ச் ஆன் பண்ணீங்கன்னு பப்பா சொல்றாங்க. சச் ஹை க்யா?"

சச் என்றால் உண்மை. என் மகள் என்னைக் கேட்கிற கேள்வியை நானே மனசுக்குள் ஒரு முறை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மம்மி? சண்டை போட்டீங்களா ரெண்டு பேரும்? கோபத்துலயா?"

போனை வைத்துவிட்டு வார்டுக்குள் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கரண்ட் தானா வருமா? யாரோ போட்டாத்தானே வரும்."

"ஊரு பூராவும் போச்சு, ஊரு பூராவும் வந்துச்சு."

"எனக்குத் தெரியாது. கை வலிக்குது. போ."

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி என்னைப் பார்த்துத் தன் பிளாஸ்க்கைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

7

மறுநாள் காலை விமானத்தில் ரேவதி வந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் காபி கேட்கவில்லை, தானே போட்டுக்கொண்டாள். "அந்த மெசினைப் பேச் தோ மம்மி. வித்துடுங்க. அது இருந்தா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மார் டாலேங்கே" என்றாள். கொன்றுவிடுவோமாம்.

"போட்டது நான் இல்ல" என்றேன்.

"சரி" என்றாள். நம்பாதவர்கள் சொல்கிற சரி.

போலீஸ்காரர் வந்தார். கொட்டகையை ரேவதிதான் திறந்து காட்டினாள். சுவிட்ச் மெசினிலேயே இருந்தது. கைக்கெட்டும் இடத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம். அன்றைக்கு வீட்டில் வாக்குவாதம் நடந்ததா என்று கேட்டார். அன்றைக்கு நடக்கவில்லை, மற்ற எல்லா நாளும் நடந்தது என்று எப்படி இந்தியில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது. "சண்டை நடந்தது சாப்! என்னோடு!"

ஷிப்ரா தீதி முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் இந்தியில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"கரண்ட் போனபோதும் இவள் இங்கேதான் நின்றாள், வந்தபோதும் இங்கேதான் நின்றாள். இரண்டு கையும் இதோ இந்தக் கம்பில். நான் திட்டிக்கொண்டிருந்தேன். என் டிவி வந்தது, அவர்கள் மெசின் வந்தது, அந்த ஆள் கத்தினார். போட்டது கரண்ட் ஆபீஸ்காரன். அவனைப் போய்ப் பிடியுங்கள்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று அவரைக் கேட்டார்.

"போடுகிறேன். இவளுக்காகப் போடவில்லை. இவளை எனக்குப் பிடிக்காது. நான் பார்த்ததை இன்னொருவன் வேறு மாதிரி சொன்னால் எனக்குப் பொறுக்காது. வந்ததுதான் வந்தீர்கள், இந்தச் சத்தத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்."

கையைத் துடைத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வந்து கையெழுத்துப் போட்டார். போகும்போது ரேவதியிடம், "உன் அம்மா மோசமாக இந்தி பேசுவாள். பொய் பேச மாட்டாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

8

ரேவதி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டுக்குள் போனதும் அப்பா கால்மாட்டில் நின்று, "பப்பா, நீங்க ஏன் ஜூட் சொன்னீங்க?" என்று கேட்டாள். பொய் என்ற சொல்லை அவளால் அவரிடம் தமிழில் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இன்ஜின் ரூம்ல இத்தனை வருசம் இருந்தவன், கரண்ட் போச்சுன்னா சுவிட்சை அணைக்கணும்னு தெரியாம கையை விட்டான்னு சொன்னா, கப்பல் ஜெட்டில எவன் என்னை மதிப்பான்?"

"என்னைப் போலீஸ் புடிச்சுட்டுப் போனா மதிப்பாங்களா?"

"அதெல்லாம் போக மாட்டாங்கன்னு தெரியும்."

தெரியுமாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய நல்ல கையையும் முறுக்க வேண்டும் போல இருந்தது. ரேவதி வெளியே வராந்தாவில் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், தொடவில்லை. "சாரி மம்மி" என்றாள். "நீ என்கிட்ட முதல்ல கேட்டிருக்கலாம்" என்றேன். "கேட்டேனே" என்றாள். "கேட்டே. ஆனா பதிலை வச்சுக்கிட்டுக் கேட்டே." அவள் மறுபடி அழுதாள். அந்த வாரக் கடைசியில் பெங்களூருக்குப் போய்விட்டாள். ஞாயிறு தோறும் கூப்பிடுகிறாள், இருவரும் கவனமாகப் பேசிக்கொள்கிறோம்.

மெசினை நான் விற்கவில்லை. சென்னையிலிருந்து சுவிட்ச் வந்தது, மாட்டினேன். மூடி, தகடு எல்லாம் மாட்டினேன். கொட்டகைக்குப் பூட்டு, சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதில்லை. ஷிப்ரா தீதி துணி காயப்போடும் காலையிலும் ஓட்டுவதில்லை. அவர் அதற்காக என்னைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை. போன மாதம்கூட வார்டு ஆபீசில் சத்தத்தைப் பற்றி மனு கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குப் பயந்து சுவருக்கு அட்டை அடித்தேன்.

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் யாருக்கெல்லாம் போனில் என் பெயரைச் சொன்னார் என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற குரலில் ஒவ்வொருவரும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாயல்குடியில் அவர் அண்ணன், ராமநாதபுரத்தில் அவர் அக்கா, தூத்துக்குடியில் சித்தப்பா மகன், கப்பல் ஜெட்டியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இருவர்.

எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவருடைய போனை எடுத்து ஸ்பீக்கரில் வைத்தேன்.

"என்ன பண்ற?"

"உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க."

"தனம், வேண்டாம்."

"சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்றேன். நான் சொன்னா வேற மாதிரி இருக்கும்."

அண்ணன் எடுத்தார். எப்படியிருக்கு கை என்று கேட்டார். "அண்ணே, அது... தனம் போடலை. கரண்ட் போயி வந்துச்சு. நான்தான் அணைக்காம கையை விட்டுட்டேன்." "ஏண்டா, உனக்கு அறிவிருக்காடா?" என்று ஆரம்பித்து அண்ணன் திட்டிய திட்டு, ஷிப்ரா தீதியின் இந்திக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. தமிழில் ஒருவர் எனக்காகத் திட்டி எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன் அணைந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போதுமா?"

"அக்கா இருக்காங்க."

"தனம், கை வலிக்குதுடி. நாளைக்குப் பேசுறேன்."

"கையைத் தூக்க வேண்டாம்" என்றேன். "நான் போட்டுத் தர்றேன்."

ராமநாதபுரத்தில் மணி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் அக்கா, "ஹலோ, யாரு?" என்றார். நான் போனை அவர் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.